உயிரணுவின் வரலாறு – 19: தாய் இல்லாத செல்

சென்ற பகுதி 2010 மே 20ஆம் தேதியில் நின்றது. அமெரிக்காவின் ஜே. கிரெய்க் வென்டர் ஆய்வு நிறுவனம், வேதிப்பொருள்களிலிருந்து தொகுத்த ஜீனோமால் இயங்கும் ஒரு பாக்டீரியத்தை அன்று அறிவித்தது. செயற்கை உயிர் பிறந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்த அறிவிப்பை எடைபோட வேண்டுமானால் 155 ஆண்டுகள் பின்னே போக வேண்டும். செல் கோட்பாட்டை வகுத்த இருவருமே செல்லுக்குத் தாய் தேவையில்லை என்றுதான் நம்பினார்கள். 1838இல் தாவரங்களைப் பற்றி எழுதிய மத்தியாஸ் ஷ்லைடனும், மறு ஆண்டு விலங்குகளைப் பற்றி எழுதிய தியோடர் ஷ்வானும், செல்கள் திரவத்திலிருந்து புதிதாகத் திரள்கின்றன என்றார்கள். ஷ்வான் அதைப் படிகம் விளைவதோடு ஒப்பிட்டார். இந்தக் கருத்தை அசைத்தவர் பெர்லினில் இருந்த ராபர்ட் ரெமாக். கோழிக் கருவின் ரத்த அணுக்களையும் தவளை முட்டைகளையும் ஆண்டுக்கணக்கில் பார்த்து, ஒரு செல் பிளந்துதான் இன்னொரு செல் வருகிறது என்று காட்டினார். யூதர் என்பதால் முழுப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்ட அந்த மனிதரின் முடிவை, 1855இல் ருடால்ஃப் விர்கோ ஒரு சூத்திரமாக்கினார்: எல்லாச் செல்லும் செல்லிலிருந்தே. பெயரும் புகழும் விர்கோவுக்குப் போயின. உழைப்பு ரெமாக்குடையது என்பதை இந்தத் தொடர் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லும்.

2010இல் அந்தச் சூத்திரம் உடைந்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். அது உடையவில்லை என்பதே இந்தப் பகுதியின் வாதம். அன்று ஒரு மகத்தான தடை தகர்ந்தது உண்மை. ஆனால் தகர்ந்தது ஜீனோமின் தடை; செல்லின் தடை அப்படியே நின்றது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதால்தான், செயற்கை செல்லை அடிமுதல் கட்டும் முயற்சி எங்கே நிற்கிறது என்பது இன்றுவரை குழப்பமாக இருக்கிறது.

இப்படிச் சொன்னால், உயிருக்குள் வேதியியலுக்கு எட்டாத ஏதோ ஒரு சக்தி இருக்கிறதா என்று உடனே கேட்பார்கள். இல்லை. அந்த நம்பிக்கையைக் கரைக்கத் தொடங்கியது 1828இல் ஃபிரீட்ரிஷ் வோலர் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய யூரியா. 1897இல் எடுவார்ட் புக்னர் ஈஸ்ட் செல்களை மணலோடு அரைத்துப் பிழிந்த சாற்றில் சர்க்கரையைச் சேர்த்தார். உயிருள்ள ஒரு செல்லும் இல்லாமல் அது சாராயமாக நொதித்தது. செல்லின் வேலைகளைச் செல்லுக்கு வெளியே செய்ய முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. அந்த உற்சாகத்தில் பிரான்சின் நான்ட் நகர மருத்துவர் ஸ்டெஃபான் லெடுக், உப்புக் கரைசல்களில் செடிபோலவும் காளான்போலவும் கிளைவிடும் வடிவங்களை வளர்த்தார். 1912இல் தன் நூலுக்கு ‘செயற்கை உயிரியல்’ என்றே பெயர் வைத்தார். அவை வளர்ந்தன, கிளைத்தன. ஆனால் தம்மைப்போல் இன்னொன்றைப் பெறவில்லை. உருவ ஒற்றுமை எதையும் நிரூபிக்காது என்பதே லெடுக்கிடமிருந்து கிடைத்த பாடம். அவருக்குப் பிறகு இந்தத் துறை பாகங்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் கைகூடியது உறை. 1961இல் கேம்பிரிட்ஜுக்கு அருகே பாபிரகாம் ஆய்வகத்தில் அலெக் பாங்கம், முட்டையிலிருந்து பிரித்த லெசித்தினை நீரில் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். கொழுப்பு மூலக்கூறுகள் தாமாகவே இரண்டடுக்காகச் சேர்ந்து, மூடிய பைகளாகச் சுருண்டிருந்தன. 1965இல் அந்தப் பைகள் அயனிகளை உள்ளே பிடித்துவைக்கின்றன என்றும் அவருடைய குழு காட்டியது. பின்னர் லிப்போசோம் என்று பெயர் பெற்ற இந்தப் பைகளைச் செய்ய எந்த வழிகாட்டும் மூலக்கூறும் தேவைப்படவில்லை. 2004இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் நுவாரோவும் ஆல்பர்ட் லிப்சாபரும் ஈ.கோலை பாக்டீரியாவின் சாற்றை இத்தகைய பைகளுக்குள் அடைத்து, அங்கே புரதம் செய்யவைத்தார்கள். சில மணி நேரத்தில் பையின் கையிருப்பு தீர்ந்தது. உடனே சவ்வில் துளையிடும் ஒரு புரதத்தின் மரபணுவையும் சேர்த்தார்கள். பை தானே துளையைச் செய்துகொண்டு வெளியிலிருந்து உணவை இழுத்தது. வேலை நான்கு நாள் வரை நீடித்தது. செயற்கை செல் ஆராய்ச்சியில் இதைவிட அழகான சோதனைகள் குறைவு. ஆனாலும் அந்தப் பைக்குள் இருந்த சாறு, உயிரோடு இருந்த கோடிக்கணக்கான பாக்டீரியங்களை உடைத்து எடுத்தது. அதில் இருந்த, புரதங்களைச் செய்யும் ரைபோசோம்கள் அனைத்தும் இரவல்.

இன்னொரு பாதை எழுத்தின் பாதை. பஞ்சாபின் ராய்ப்பூர் கிராமத்தில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, 1970இல் ஈஸ்டின் ஒரு சிறு மரபணுவை, 77 எழுத்து இணைகளை மட்டும் கொண்டதை, ஆய்வுக்கூடத்தில் முழுக்கத் தொகுத்ததாக அறிவித்தார். அவருடைய குழுவுக்கு அது பல ஆண்டு வேலை. 2002இல் எக்கார்ட் விம்மரின் குழு, போலியோ வைரசின் ஏறத்தாழ 7,500 எழுத்துகளைக் கணினிக் கோப்பிலிருந்து தொகுத்து, தொற்றக்கூடிய வைரசை உண்டாக்கியது. அந்த எழுத்துகளை வைரசாக மாற்றிய சாறு எங்கிருந்து வந்தது என்பதைச் செய்தி படித்த பலர் கவனிக்கவில்லை. அது மனித செல்களை உடைத்து எடுத்த சாறு. வைரசுக்குச் சொந்த ரைபோசோம் கிடையாது. அதைப் படித்து உருவாக்கிக் கொடுக்க எப்போதும் ஒரு செல் வேண்டும். எழுத்தைச் செய்வதும் எழுத்தைப் படிக்கும் இயந்திரத்தைச் செய்வதும் வேறு வேறு என்பது அப்போதே தெளிவாகியிருக்க வேண்டும்.

வென்டர் குழுவின் சாதனையை இந்த வெளிச்சத்தில் பார்ப்போம். 1995இல் மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் என்ற பாக்டீரியத்தின் 5,80,000 எழுத்துகளை அவர்கள் படித்து முடித்தபோது, அதுதான் தனித்து வளரக்கூடிய உயிரிகளில் அறியப்பட்ட மிகச் சிறிய ஜீனோமாக இருந்தது. 1999இல் கிளைட் ஹட்சிசனும் சகாக்களும் அதன் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்த்து, ஏறத்தாழ 480 புரத மரபணுக்களில் 265 முதல் 350 வரையே இன்றியமையாதவை என்று கணித்தார்கள். 2007இல் கரோல் லார்டிக் தலைமையில் ஒரு பாக்டீரிய இனத்தின் டிஎன்ஏவை இன்னொரு இனத்துக்குள் செலுத்தி, பின்னது முன்னதாக மாறுவதைக் காட்டினார்கள். 2010இல் மைக்கோபிளாஸ்மா மைக்காய்டிஸின் 10,80,000 எழுத்துகளை, ஒவ்வொன்றும் 1,080 எழுத்துகள் நீளமான 1,078 துண்டுகளாகத் தொகுக்கச் செய்து, ஈஸ்ட் செல்லுக்குள் படிப்படியாக ஒட்டவைத்து, மைக்கோபிளாஸ்மா காப்ரிகோலத்துக்குள் செலுத்தினார்கள். இடையில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டதால் முழு முயற்சியும் முடங்கிக் கிடந்தது. ஜீனோம் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் மரபணுவில் இருந்த பிழை அது. அதைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகே தட்டில் நீல நிறக் குடியிருப்புகள் தோன்றின. பொறுமையும் துணிவும் சேர்ந்த வேலை அது. அதைக் குறைத்துச் சொல்ல இங்கே இடமில்லை.

அந்தக் குழு முன்வைத்த வாதம் வலுவானது. அதற்குப் பதில் சொல்லாமல் கடக்கக் கூடாது. ஏற்கும் செல்லின் புரதங்கள் முதலில் இருந்தது உண்மைதான் என்றார்கள். ஆனால் ஒற்றைச் செல் கண்ணுக்குத் தெரியும் குடியிருப்பாகப் பெருகுவதற்குள் ஏறத்தாழ 30 தலைமுறைகள் கடந்துவிடுகின்றன. நூறு கோடி மடங்கு நீர்த்துப்போன நிலையில் பழைய புரதம் ஒன்றுகூட மிஞ்சாது. எனவே இப்போது இருக்கும் செல் முழுவதும் செயற்கை ஜீனோமின் ஆணைப்படி உருவானது என்பது அவர்கள் முடிவு. கணக்கு சரி, முடிவு சரியல்ல. பாலுக்கு உறை ஊற்றி, அது தயிரான பிறகு, முதலில் விட்ட மோர்த்துளியைத் தேடினால் கிடைக்காது. அதற்காக மோர் இல்லாமலே பால் உறைந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செயற்கை ஜீனோமின் முதல் புரதத்தைச் செய்தவை காப்ரிகோலத்தின் ரைபோசோம்கள். அந்தப் புரதங்கள் போய்ச் சேர்ந்தது காப்ரிகோலத்தின் சவ்வில். புரதங்களைச் சவ்வில் செருகும் வாயிலும் ஒரு புரதம்தான். உயிருள்ள செல்லில் ஏற்கெனவே பதிந்திருக்கும் வாயில்கள் வழியாகவே புதியவை பதிகின்றன. பொருள் முழுவதும் மாறிப்போனாலும், ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு ஒரு கணமும் அறுபடாமல் கைமாறியிருக்கிறது. விர்கோவின் சூத்திரம் சொல்வது இந்தத் தொடர்ச்சியைத்தான்.

டிஎன்ஏ ஆணையிட்டால் அமைப்பு தானாக வந்துவிடாதா, தொடர்ச்சி என்பது வெறும் வசதிதானே என்று அடுத்த மறுப்பு வரும். இதற்கு இரண்டு சான்றுகள் எதிராக நிற்கின்றன. 1965இல் ஜானின் பெய்சனும் ட்ரேசி சான்பார்னும் பரமீசியத்தின் மேல்தோலில் சில வரிசை இழைகள் தலைகீழாகத் திரும்பிய நிலையைத் தலைமுறைகளாகத் தொடர்ந்தார்கள். மரபணுவில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் அந்தத் தலைகீழ் வரிசை நூற்றுக்கணக்கான தலைமுறைகளுக்கு அப்படியே வந்தது. பழைய வரிசையே புதிய வரிசைக்கு அச்சாக இருந்தது. பரமீசியம் சிக்கலான உயிரி, பாக்டீரியம் எளியது என்று சொல்லி இதை ஒதுக்கலாம். அப்படியானால் இரண்டாவது சான்று மைக்கோபிளாஸ்மாவிடமிருந்தே வருகிறது. ஜீனோமை வெவ்வேறு இனச் செல்களுக்குள் செலுத்திப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வு, இரண்டு இனங்களுக்கும் உறவு தூரமாகத் தூரமாக வெற்றி குறைவதைக் காட்டியது. எந்தச் செல்லானாலும் போதும் என்றால் இப்படி நடக்காது. தாய் வேண்டும், அதுவும் நெருங்கிய சொந்தமாக வேண்டும்.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது 2010 அல்ல, 2016. அந்த ஆண்டு அதே குழு, இன்றியமையாத மரபணுக்களை மட்டும் கொண்ட சின்3.0 என்ற செல்லை வெளியிட்டது. 5,31,000 எழுத்துகள், 473 மரபணுக்கள். அதற்கு முன் நடந்த தோல்வியை அவர்கள் தம் கட்டுரையிலேயே நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதுவரை உயிரியல் சேர்த்துவைத்த அறிவைக் கொண்டு முதலில் ஒரு குறைந்தபட்ச ஜீனோமை எட்டுப் பகுதிகளாக வடிவமைத்தார்கள். எட்டில் ஒன்றுதான் வேலை செய்தது. பாடநூல்களை நம்பி வரைந்த வரைபடத்துக்கு உயிர் வரவில்லை. பிறகு வழியை மாற்றினார்கள்: மரபணுக்களைக் கண்மூடித்தனமாகக் கெடுத்து, எது கெட்டால் செல் சாகிறது, எது கெட்டால் தளர்கிறது என்று செல்லிடமே கேட்டார்கள். தளரவைக்கும் மரபணுக்கள் என்ற நடுத்தர வகையை முன்பு யாரும் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை. அதைச் சேர்த்த பிறகுதான் செல் எழுந்தது. எழுந்த செல்லின் 473 மரபணுக்களில் 149 என்ன செய்கின்றன என்று துல்லியமாக யாருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! உலகின் மிக எளிய செல்லில், அதைத் தம் கையால் எழுதியவர்களுக்கே மூன்றில் ஒரு பங்கு இருட்டு. அந்தச் செல் பிரிந்தபோது ஒழுங்கற்ற வடிவங்கள் வந்தன. 19 மரபணுக்களைத் திரும்பச் சேர்த்துச் சரிசெய்தார்கள். அவற்றில் 7 இருந்தால்தான் செல் சீராகப் பிரிகிறது என்று 2021இல் கண்டறிந்தார்கள். அந்த ஏழிலும் பெரும்பாலானவற்றின் வேலை தெளிவாகவில்லை.

இந்தச் செல் இயங்கியதற்குக் காரணம் அதை எழுதியவர்கள் அதைப் புரிந்துகொண்டதல்ல. அவர்களுக்குப் புரியாததை ஏற்கும் செல்லும், நகலெடுத்த பழைய எழுத்துகளும் சுமந்தன. தாய் செல் இருக்கும்வரை அறியாமை மன்னிக்கப்படுகிறது. அடிமுதல் கட்டினால் மன்னிப்புக் கிடையாது. விட்டுப்போன ஒவ்வொன்றும் பையைச் சாகடிக்கும். அதனால்தான் அடிமுதல் பாதை மெதுவானது. அதைச் சலிப்பாகப் பேசுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடிமுதல் என்று கேட்பதே அநியாயம், தச்சன் மரத்தையும் தானே வளர்க்க வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. கொழுப்பைக் கடையில் வாங்கலாம். நொதிகளைப் பாக்டீரியத்திலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்தலாம். முதல் ரைபோசோமைக்கூட இரவல் வாங்கலாம். ஹங்கேரிய வேதியியலர் திபோர் கான்டி 1971இல் வகுத்த மாதிரியில் உறை, வளர்சிதை மாற்றம், தகவல் மூன்றும் ஒன்றையொன்று வளர்க்க வேண்டும் என்றார். எங்கே தொடங்கினோம் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. அதே அளவுகோல் போதும். பை தன் அடுத்த தலைமுறைக்கான ரைபோசோமைத் தானே செய்து, தானே பிரிந்து, பிரிந்த இரண்டும் அதையே மறுபடி செய்தால், அன்று விர்கோ முடிந்தார் என்று இந்தத் தொடர் தயங்காமல் எழுதும்.

உயிர் ஒருகாலத்தில் தாயின்றி வந்ததுதானே என்பது மிக நியாயமான கேள்வி. வந்தது. ஆனால் அன்று வந்தது இன்றைய செல் அல்ல. ஜாக் சோஸ்டாக்கின் குழு 2003இல் எளிய கொழுப்பு அமிலப் பைகளை வளரவைத்து, நுண்துளைகள் வழியே அழுத்திப் பிளக்கவைத்தது. அவருடைய தேடல் ரைபோசோம் இல்லாத காலத்தை நோக்கியது. அந்தப் பாதை வென்றால் உயிரின் தொடக்கம் புரியும். இன்றைய பாக்டீரியத்தைப் போன்ற செல் அதிலிருந்து நேராக வராது. விர்கோவின் சூத்திரம் ரைபோசோம் கொண்ட செல்களைப் பற்றியது. இரண்டு முயற்சிகளையும் ஒரே பெயரால் அழைப்பது இரண்டுக்கும் நல்லதல்ல.

ரைபோசோம்தான் கடைசிக் கோட்டை. 2001இல் டோக்கியோவில் யோஷிஹிரோ ஷிமிசுவும் தகுயா உவேதாவும், முப்பதுக்கு மேற்பட்ட புரதங்களைத் தனித்தனியே தூய்மைப்படுத்திக் கலந்து, எந்தச் சாறும் இல்லாமல் புரதம் செய்யும் கலவையை உண்டாக்கினார்கள். அதிலும் ரைபோசோம் செல்லிலிருந்து எடுத்ததே. 2006இல் ஆண்டனி ஃபோர்ஸ்டரும் ஜார்ஜ் சர்ச்சும் அடிமுதல் செல்லுக்கு 151 மரபணுக்கள், 1,13,000 எழுத்துகள் போதும் என்று பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலில் பெரும்பகுதி புரதத் தொகுப்புக்கே போனது. ஈ.கோலையின் ரைபோசோமில் 3 ஆர்என்ஏக்களும் 50க்கு மேற்பட்ட புரதங்களும் இருக்கின்றன. அதன் சிறு பாதியைப் பிரித்த பாகங்களிலிருந்து மறுபடி கூட்டிக் காட்டினார் விஸ்கான்சினில் மசாயசு நோமுரா, ஆண்டு 1968. 2000இல் பாக்டீரிய ரைபோசோமின் சிறு பாதியில் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று காட்டிய குழுக்களில் ஒன்று, சிதம்பரத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றிய வெங்கி ராமகிருஷ்ணனுடையது. 2009 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது அதற்காக. 2013இல் மைக்கேல் ஜூவெட்டும் சர்ச்சும், செல்லுக்கு வெளியே ஆர்என்ஏவைப் படியெடுத்து, அதை அங்கேயே ரைபோசோமாகக் கூடவும், அங்கேயே புரதம் செய்யவும் வைத்தார்கள். ஆனால் அந்த ரைபோசோமின் புரதங்கள் செல்லிலிருந்து வந்தவை. 2018இல் டெல்ஃப்ட் நகரக் குழுவொன்று, லிப்போசோமுக்குள் ஒரு டிஎன்ஏ தன் சொந்தப் புரதங்களால் தன்னையே நகலெடுப்பதைக் காட்டியது. வட்டத்தின் ஒவ்வொரு வில்லும் தனித்தனியே வரையப்பட்டுவிட்டது. வட்டம் மூடவில்லை.

மூடினால் என்ன ஆகும் என்ற கேள்வி இனிக் கற்பனையல்ல. இதுவரை விர்கோவின் சூத்திரம் ஒரு காவலாகவும் இருந்திருக்கிறது. ஒரு பாக்டீரியத்தின் எழுத்துகள் முழுவதும் கையில் இருந்தாலும், நெருங்கிய உறவான செல் இல்லாமல் அதை எழுப்ப முடியாது. இயற்கையில் தாயே இல்லாத செல்களுக்கு அந்தக் காவல் முழுமையானது. இடக்கை அமினோ அமிலங்களால் ஆன நம் உயிர்களுக்கு நேர் எதிராக, எல்லா மூலக்கூறும் திரும்பிய ஆடிப் பாக்டீரியம் அத்தகையது. அதற்குச் சொந்தக்காரச் செல் பூமியில் இல்லை. அதை உண்டாக்க அடிமுதல் பாதை கைகூட வேண்டும். அப்படி ஒன்று வந்தால் நோயெதிர்ப்பு மண்டலங்கள் அதை அடையாளம் காணாமல் போகலாம்; அதைத் தாக்கும் வைரசும் இருக்காது. 2024 டிசம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் 38 அறிவியலர்கள், பாதுகாப்பானது என்று உறுதிப்படாதவரை அதை உருவாக்கவே கூடாது என்று எழுதினார்கள். கையெழுத்திட்டவர்களில் கிரெய்க் வென்டர் இருந்தார், குறைந்தபட்ச செல்லைக் கட்டிய ஜான் கிளாஸ் இருந்தார், சோஸ்டாக் இருந்தார், ஆடிச் செல்லை நோக்கி உழைத்துக்கொண்டிருந்து, அந்த வேலையைத் தாமே நிறுத்திய மினசோட்டாவின் கேட் அடமாலாவும் இருந்தார். அந்தக் கட்டுரையும் அதை ஒட்டி எழுந்த விவாதமும் அடுத்த பகுதியில்.